பயிரில்லாத வேலி

ஆவணி 10, திங்கள்

மேற்கேயிருந்து கச்சான் காற்று காலையிலேயே தொடங்கிவிட்டது. வாய்க்குள் மண். குவாட்டர்ஸ் யன்னலுக்குச் சாக்குக் கட்டினேன், பிறகும் வேர் பார்க்கிற நுணுக்குக்காட்டியின் (இனி நு.கா.) மேல் தூசி. இனி அதற்குத் தலையணை உறைதான். ம. (மனைவி மங்களம். பெயரை முழுதாக எழுதினால் யாரோ ஒருத்தியைப் பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது) எந்தத் தலையணை என்று கேட்டாள். என்னுடையது என்றேன். அப்படியென்றால் சரி என்றாள்.

இன்று:
- தரவையில் என் வேலிக்கு உள்ளே அறுகம்புல், வேரோடு
- வேலிக்கு வெளியே, மாடு மேயும் இடத்தில், அதே அறுகு
- வேரைக் கழுவிப் பொட்டாசுக் காரத்தில் அவிக்க
- அவிக்க ஒரு சட்டி (ம.விடம் எப்படிக் கேட்பதென்று யோசிக்க)
- தலைமயிர் வெட்ட

என் கந்தோர், வவுனியா அரசாங்க அலுவலகம், கேட்டிருப்பது ஒரே கேள்வி. குளத்துக்கு மேற்கே கிடக்கும் தரவை, பட்டி மாடுகளெல்லாம் மேய்கிற பெரிய புல்வெளி, மாட்டினால் கெடுகிறதா இல்லையா? கெடுகிறது என்றால் மாடுகளை அங்கிருந்து எடுத்துக் குளக்கட்டுக்குக் கீழே ஒரு சின்னத் துண்டுக்குள் விடுவார்கள். தரவையில் சீமைப்புல் நடுவார்கள். அறிக்கை மழைக்கு முன் வேண்டும். வவுனியாவிலிருந்து நல்லதம்பி ஐயா எழுதியதில் ‘மழைக்கு முன்’ என்பதன் கீழே இரண்டு கோடு. அவர்தான் எனக்கு மேலே. கோடு போடுவது அவருக்குக் கைவந்த கலை.

மற்றவர்கள் புல்லின் தலையை அளக்கிறார்கள். நான் காலைப் பார்க்கப் போகிறேன். அறுகின் வேருக்குள் ஒரு பூஞ்சணம் குடியிருக்கிறது. அது மண்ணிலிருந்து உரத்தை இழுத்துப் புல்லுக்குக் கொடுக்கும். புல் இலையிலே செய்த சீனியை அதற்குக் கொடுக்கும். மாடு இலையைக் கடித்துவிட்டால் சீனி குறையும். அப்போது உள்ளே குடியிருப்பவர் என்ன செய்வார்? கோபித்துக்கொண்டு போவாரா, பொறுத்துக்கொண்டு இருப்பாரா? சித்திரையில் தரவை நடுவில் அலம்பல், காட்டுக் கிளைகள், வெட்டி ஒரு வேலி போட்டது இதற்காகத்தான். உள்ளே மாடு வாய் வைக்காத புல். வெளியே வைத்த புல்.

இரண்டு பொட்டலமும் கொண்டுவந்தாயிற்று. தலைமயிர் வெட்டவில்லை.

ஆவணி 11, செவ்வாய்

சட்டி கிடைத்தது. அதற்கு முன்பு:

“இஞ்சாருங்கோ, அது பால் காய்ச்சிற சட்டி.”

“கழுவித் தாறன்.”

“உங்கட காரத்தாலை கழுவினாச் சட்டியே கரைஞ்சு போம். அந்த ஓட்டைச் சட்டியை எடுங்கோ, ஓட்டை மேலைதான் கிடக்கு.”

குசினியில் வேர் அவிந்தது. நாற்றம் சொல்ல முடியாது. ம. சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு பக்கத்து அடுப்பில் கத்தரிக்காய் வதக்கினாள். வேர் வெள்ளையாகி, கண்ணாடி மாதிரி ஆனது. பிறகு வினாகிரியில் ஒரு முக்கு. பிறகு நீலச் சாயம்.

நு.கா.வுக்குக் கீழே வைத்தேன். வேருக்குள் நீல நூல்கள், ஒன்றையொன்று தாண்டி ஓடுகின்றன. இடையிடையே உருண்டைப் பைகள். ஒரு வேர்க்கலத்துக்குள்ளே மட்டும் மிகமிகச் சின்ன மரம் ஒன்று, கிளைவிட்டு, கிளையில் கிளைவிட்டு. புத்தகத்தில் படமாகக் கண்டிருக்கிறேன். இது என் புல். எங்கள் குளத்துத் தரவைப் புல்.

ம.வைக் கூப்பிட்டேன். கை துடைத்துக்கொண்டு வந்து ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு பழகிவிட்டாள். நெடுநேரம் குனிந்தே நின்றாள்.

“இதுதான் உங்கட கண்டறியாத பூஞ்சணமோ?”

“ஓம்.”

“வடிவாயெல்லோ இருக்கு.”

கத்தரிக்காய் அடிப்பிடித்துவிட்டது. இருவரும் அதையே தின்றோம்.

ஆவணி 14, வெள்ளி

வெயில். தரவையில் நிழல் என்று ஒரு பாலை மரம், அதுவும் தூரத்தில். அங்கே சின்னத்தங்கம் அக்கா. கணவர் இறந்தபின் பட்டியைத் தானே நடத்துகிறார். எழுபது எண்பது மாடு இருக்கும். இங்கே மாட்டை எண்ணிக் கேட்கக்கூடாது, நானும் கேட்கவில்லை. கையில் கம்பு, தலையில் சாரத்துண்டு, வாயில் வெற்றிலை. ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லித் திட்டுகிறார்.

“தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. எங்களை எழுப்பப் போறியளோ?”

நான் எழுப்ப வரவில்லை, புல்லின் வேரைப் பார்க்க வந்தேன் என்றேன்.

“வேரிலை என்ன கிடக்கு? மாடு வேரைத் தின்னுதே?”

நியாயமான கேள்வி. பூஞ்சணக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், “அப்ப அது நல்லாக் கிடந்தா எங்களை விடுவியளோ?” என்றார். அவருக்கு அது ஒன்றுதான் வேண்டும். கட்டுக்குக் கீழே உள்ள துண்டு தன் பட்டிக்கு ஒரு கிழமைக்கும் காணாது என்கிறார். இங்கே இருக்க விடாவிட்டால் செட்டிகுளம் பக்கம் தமையனிடம் போகவேண்டுமாம். இடையில் இரண்டு ஆறு.

நான் விடுகிறவனும் இல்லை, எழுப்புகிறவனும் இல்லை என்று சொன்னேன். “எழுதிறவர் நீங்கள்தானே” என்றார்.

தயிர் தந்தார். மறுக்க முடியவில்லை. ம.வுக்கு மிகவும் பிடித்தது.

ஆவணி 16, ஞாயிறு

முள்ளியவளைக்கு பஸ்ஸில். மண்ணெண்ணெய், தேயிலை, இரண்டு கண்ணாடிப் போத்தல், ம.வுக்கு நூல். நாவிதரிடம் கூட்டம். மறுபடியும் தலைமயிர் வெட்டவில்லை.

பஸ்ஸில் கேட்டது, மலேரியா மருந்தைப் பற்றி:

“மருந்தடிக்கிறவங்கள் வந்து சுவர் முழுக்க வெள்ளையாக்கிப் போட்டாங்கள்.”

“நுளம்பு செத்துதோ?”

“நுளம்பு நிக்குது, பூனை செத்துப்போச்சு.”

பக்கத்தில் முல்லைத்தீவு காசிம் நானா, மடியில் நெய் டின். பட்டிகளில் நெய் வாங்கிப் பட்டினத்தில் விற்கிறவர். தரவை போனால் தன் வியாபாரமும் போச்சு என்றார். “சின்னத்தங்கத்தின்ர நெய் மாதிரி எங்கையும் எடுக்கேலாது தம்பி. உள்ளங்கையிலை விட்டா மணம் மூண்டு நாளைக்குப் போகாது.” எல்லோருக்கும் என் வேர்த்துண்டுகளில் ஒரு பங்கு இருக்கிறது போலும். இது எனக்குப் பிடித்தும் இருக்கிறது, பிடிக்காமலும் இருக்கிறது.

ஆவணி 18, செவ்வாய்

எண்ணி முடிந்தது! வேரை நகத்தளவு துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றிலும் நீலநூல் உண்டா இல்லையா என்று பார்த்ததில்:

வெளியே, மாடு மேய்ந்த புல்: பத்துக்கு ஏழு துண்டில் உண்டு.
உள்ளே, மேயாத புல்: பத்துக்கு இரண்டு, சில நேரம் மூன்று.

தலைகீழாக அல்லவா இருக்கிறது! மாடு கடித்தால் பூஞ்சணம் குறையும் என்று நினைத்திருந்தேன். மாடு கடிக்கக் கடிக்கக் கூடுகிறது. கடிபட்ட புல் திரும்பத் தளிர்க்க உரம் வேண்டும், உரத்துக்குப் பூஞ்சணம் வேண்டும், அதனால் இருக்கிற சீனியில் அதற்குக் கூடக் கொடுக்கிறது. அப்படித்தான் இருக்கவேண்டும். முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தேன். ம. “என்ன, தேள் கடிச்சதோ?” என்றாள்.

அறிக்கை எழுதத் தொடங்கினேன். முதல் வசனமே நன்றாக விழுந்தது: ‘தரவைக்கு மாடு கேடு அன்று, காவல்.’ இரண்டு தரம் வாசித்தேன். ம.வுக்கும் வாசித்துக் காட்டினேன். மேடைப் பேச்சுப் போல இருக்கிறதாம்.

ஆவணி 22, சனி

காலையில் சண்டை. பிறகு சண்டையை விடப் பெரிய ஒன்று.

மிச்ச வேரை ம.தான் கழுவினாள். இப்போதெல்லாம் அவள்தான் கழுவுகிறாள். என் கைக்கு வேர் அறுந்துபோகிறதாம். வெளியே வந்து,

“இஞ்சாருங்கோ, வேலிக்கு உள்ளுக்கு எடுத்த மண் எது?”

“சிவப்பு நூல் கட்டினது.”

“அதிலை மாட்டு மூத்திரம் மணக்குது.”

மணக்காது என்றேன். மாடு போகாத இடம் என்றேன். நாள் முழுக்கப் பட்டித் தயிர் தின்கிற மூக்குக்கு எல்லாம் மாடாய்த்தான் மணக்கும் என்றும் சொன்னேன். இதைச் சொல்லியிருக்க வேண்டாம். ம. சட்டியை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முகர்ந்தேன். கொட்டில் மணம். ஈரமாக்க ஆக்கக் கூடுகிறது. சிவப்பு நூல்தான்.

மண்ணும் மற்றதைவிட இறுக்கமாகக் கிடந்தது; தோண்டும்போதே மண்வெட்டி வழுகியது நினைவு வருகிறது. காய்ந்த காலம் என்று விட்டுவிட்டேன். வெளியேயும் அதே காலம்தானே, மடையா.

ஆவணி 23, ஞாயிறு

சைக்கிளில் தரவைக்கு. சின்னத்தங்கம் அக்கா கன்றுக்கு உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தார். என் வேலிக்குள் மாடு போனதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு எழும்பினார். நான் கேட்பேன் என்று எத்தனையோ நாளாகக் காத்திருந்தவர்போல.

“ஓம் தம்பி! நான்தான் அடைச்சனான். நீங்கள் வைகாசியிலை யாழ்ப்பாணம் போயிருந்தியளெல்லோ, அப்ப சிறுத்தைப்புலி இறங்கினது. ரெண்டு கண்டுக்குட்டி போச்சு. என்ர பட்டி வேலி உக்கிப்போய்க் கிடந்தது. உங்கட வேலி புது அலம்பல், நல்ல உயரம். ஒரு மாசத்துக்கு மேலை ராவிலை அதுக்குள்ளைதான் அடைச்சனான்.”

“அது பட்டி இல்லை அக்கா!”

“அப்ப என்ன?”

“வேலி. மாடு வரக்கூடாது எண்டு போட்ட வேலி.”

உள்ளே எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “உள்ளுக்குப் பயிர் ஒண்டும் இல்லையே தம்பி. பயிரில்லாத வேலி பட்டிதானே?”

இந்த நாட்டில் வேலி என்றால் இரண்டு வகை. உள்ளே பயிர், வெளியே மாடு. அல்லது உள்ளே மாடு. வெறும் புல்லை உள்ளே வைத்து வேலி போட்டவன் நான் ஒருவன்தான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. தொழிலாளரைக் கொண்டு அடைத்துவிட்டு ரயில் ஏறியவன்.

“அப்ப சாணி? ஒரு துண்டு சாணி கிடக்கேல்லையே!”

“கந்தோர் இடத்தை ஊத்தையா விடலாமோ? ஒவ்வொரு நாளும் கூட்டி அள்ளினனான். பேந்து ஒரு மழையும் பெய்து எல்லாம் கழுவுப்பட்டுப் போச்சு.” பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

கத்திவிட்டேன். “உங்களைக் காப்பாத்த இருந்த கணக்கை உங்கட மாடே மிதிச்சுப் போட்டுது, விளங்குதோ” என்று கத்தினேன். மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. அவர் திரும்பக் குந்தி, உண்ணி பிடுங்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

ஆவணி 24, திங்கள்

அறிக்கை மேசையில். ‘கேடு அன்று, காவல்.’ வெட்கமாக இருக்கிறது.

நிலைமை இதுதான்: உள்ளே பூஞ்சணம் குறைந்தது மேயாததால் அல்ல, இரவிரவாக எழுபது எண்பது மாடு நின்று மிதித்து மூத்திரம் பெய்ததால். அப்படியானால் மேய்ச்சல் நல்லதா கெட்டதா என்று எனக்கு ஒன்றும் தெரியாது. ஒப்பிட மேயாத புல் ஒரு துளிகூட என்னிடம் இல்லை.

இப்படியே அனுப்பினால் தரவை தப்பும். கண்டுபிடிக்க ஒருவரும் இல்லை. ம.விடம் சொன்னேன்.

“அனுப்பினா அவ இருப்பா.”

“ஓம்.”

“அனுப்பாட்டிப் போயிடுவா.”

“ஓம்.”

பிறகு, “பேந்து நீங்கள் அந்தக் குழாய்க்குள்ளாலை பாக்கிறதை நான் எப்பிடி நம்பிறது?” என்றாள். இவளைக் கட்டித் தந்தவர்கள் நன்றாக இருக்கவேண்டும். அறிக்கையைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அடுப்பு அணைந்துகிடந்தது, அதையும் அவள்தான் மூட்டினாள்.

ஆவணி 27, வியாழன்

தலைமயிர் வெட்டினேன். நாவிதர் இங்கேயே வந்தார். வெட்டிக்கொண்டே ஊர்க்கதை. வாய்க்கால் முடிவில் மேட்டுக்காணி எடுத்த ஒருவர் கிணறு வெட்டப் பாறை தட்டி, தண்ணீர் காணாமல், பெட்டியைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விட்டாராம். போய் இரண்டு வருடம் இருக்குமாம்.

“காணி?”

“சும்மா கிடக்கு. புல்லு இடுப்பளவு.”

பாதித் தலையோடு எழும்பிவிட்டேன். நாவிதர் பிடித்து இருத்தினார்.

பின்னேரம் போனேன். நாலு பக்கமும் கிளுவை வேலி, ஒரு கோழி நுழைய இடமில்லை. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் எங்கே போனாலும் கிணற்றுக்கு முன் வேலிதான். படலையைக் கம்பியால் கட்டியிருக்கிறது, கம்பி முழுக்கத் துரு. இந்தமுறை கேட்டேன். வாய்க்கால் இரு பக்கமும் வீடு வீடாகக் கேட்டேன். மாடு போனதா? ஆடு? யாரேனும் அடைத்தார்களா? அறுத்தார்களா? எரித்தார்களா? ஒரு மனிசி, “உந்தப் புல்லுக்கு என்ன, கலியாணம் பேசிறியளோ?” என்று கேட்டார்.

உள்ளே அறுகு. தரவையில் உள்ளதுபோலவே சாம்பல் மண். வேர் ஒரு பை நிறைய.

புரட்டாதி 2, புதன்

கண் எரிகிறது. எண்ணியதெல்லாம் ம. இன்னொரு தரம் எண்ணினாள். நான் எண்ணியதை அவளுக்குச் சொல்லவில்லை. அநேகமாகச் சரி.

விட்டுப்போன மேட்டுக்காணி, மாடே படாத புல்: பத்துக்கு ஐந்து, ஆறு.
தரவை, மேய்ந்து நகரும் மாடு: பத்துக்கு ஏழு.
என் வேலி, மாடு அடைத்த இடம்: இரண்டு, மூன்று.

முதல் இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்துக்கு நான் சத்தியம் செய்யமாட்டேன். மண் கொஞ்சம் மாறினாலும் அப்படி வரலாம். ஆனால் மாட்டின் வாய் பூஞ்சணத்தை அழிக்கவில்லை என்பது உறுதி. அழித்தது மாட்டின் கால், ஒரே இடத்தில் நின்ற கால்.

எழுதிக்கொண்டே இருந்தவன் எழும்பிவிட்டேன். கந்தோர் என்ன செய்யப் போகிறது? தரவை மாடு முழுவதையும் கட்டுக்குக் கீழே ஒரு துண்டுக்குள் விடப்போகிறது. அதுதானே என் வேலி! கந்தோரின் திட்டத்தைச் சின்னத்தங்கம் அக்கா ஏற்கெனவே செய்து காட்டிவிட்டார், ஒரு மாதம், ஒவ்வொரு நாளும் கூட்டி அள்ளி. கெட்டுப்போன என் பரிசோதனைதான் கந்தோருக்கு மறுமொழி.

சத்தமாகச் சிரித்தேன். ம. எட்டிப்பார்த்து, “விசர் முத்திப் போச்சு” என்றாள். விளக்கிச் சொன்னதும் அவளும் சிரித்தாள். பிறகு “அவவிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. கத்தினதுக்கு முதல் ஏதும் சொல்லுங்கோ” என்றாள்.

புரட்டாதி 3, வியாழன்

போனேன். முதலில் கத்தியதற்கு மன்னிப்பு. அவர் கையை வீசி அதை ஒதுக்கினார். நு.கா.வையும் பெட்டியோடு கொண்டுபோயிருந்தேன். பாலை மரத்தடியில் வைத்துக் காட்டினேன்.

“கறுப்பாக் கம்பி கம்பியாத் தெரியுது தம்பி.”

அது அவருடைய இமைமயிர். எத்தனை தரம் திருப்பியும் இமைமயிர்தான். கடைசியில் நீலமாய் ஏதோ தெரிந்தது என்று சொன்னார். எனக்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அவருடைய பட்டி அடைப்புத்தான் அறிக்கையில் முக்கியமான பகுதி என்று சொன்னபோது மட்டும் முகம் மலர்ந்தது.

“அப்ப எனக்கும் கந்தோரிலை ஒரு கதிரை போடுங்கோ.”

அறிக்கை இன்று தபாலில்.

புரட்டாதி 14, திங்கள்

வீட்டில் சரஸ்வதி பூசை. காலையில் ம. புத்தகங்களோடு நு.கா.வையும் சாமித்தட்டில் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வரத்தம்பூ செருகிவிட்டாள். கண்ணாடியில் சந்தனம் படவில்லை, பார்த்துவிட்டேன்.

மத்தியானம் ஜீப் சத்தம். நல்லதம்பி ஐயா! அறிக்கையை வாசித்துவிட்டு நேரே வந்திருக்கிறார். “எங்கை ஐசே அந்த நீலமரம்? எனக்குக் காட்டும்.”

சாமித்தட்டைக் காட்டினேன். ம.வைப் பார்த்தேன். ம. ஐயாவைப் பார்த்தாள். ஐயா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

“எடுக்க வேண்டாம் பிள்ளை. விசயதசமி கழிய வாறன். ஆனையிறவிலை ஒரு வேலை கிடக்கு, திரும்பேக்கை வருவன்.”

கடலையும் அவலும் தின்றுவிட்டுப் போனார். இரண்டு நாள் போனால் என்ன, குடியா முழுகிவிடும் என்று ம. சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

புரட்டாதி 17, வியாழன்

வந்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. “வேலிக்குள்ளை பட்டி அடைச்சதை ஏன் எழுதினனீர்? எழுதாட்டியும் எனக்குத் தெரியவராது” என்று கண்ணை எடுக்காமலே கேட்டார்.

நடந்தது அது, அதனால் எழுதினேன் என்றேன்.

“அதாலைதான் நான் மிச்சத்தை நம்பிறன்.” பிறகு, “மேலை போய்க் கதைக்கிறன். முடிவு என்ர கையிலை மட்டும் இல்லை. ஆனா கதைக்கிறன்” என்றார்.

பெட்டியிலிருந்து இரண்டு கண்ணாடித் தகடுகளை எடுத்துக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். மேலே உள்ளவர்களுக்குக் காட்டவாம். அந்தச் சின்ன மரம் உள்ள தகட்டையே எடுத்துவிட்டார். சந்தோசம்தான், ஆனாலும் அது என்னுடையது.

புரட்டாதி 26, சனி

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம். தென்கிழக்கே கருக்கல்.

சின்னத்தங்கம் அக்கா வீட்டுக்கு வந்தார், முதல் தரம். உள்ளே வரவில்லை, படலையடியிலேயே. ம. கதிரை கொண்டுபோய்ப் போட்டாள், இருக்கவில்லை.

“தம்பி, மறுமொழி வந்ததோ?”

இன்னும் இல்லை. ஐயா நல்லவர், கட்டாயம் சொல்வார், ஒரு கிழமை பொறுங்கோ என்றேன்.

“நான் பொறுப்பன். ஆறு பொறுக்காது. மழை இறங்கினா ரெண்டு ஆறும் கடக்கேலாது. கண்டுகள் நிக்குது. மழைக்குப் பிறகு எழும்பு எண்டு கடதாசி வந்தா மாட்டோடை எங்கை போறது? கட்டுக்குக் கீழை விட்டா மார்கழிக்கிடையிலை பாதி செத்துப்போம்.”

அவர் சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை. நான் சொல்வதிலும் இல்லை என்றுதான் நினைத்தேன். “விடுவினம் அக்கா, எனக்கு நம்பிக்கை இருக்கு” என்றேன். என் முகத்தைக் கவனமாகப் பார்த்தார், மாட்டுக்கு வயசு பார்க்கிறவர்போல. பிறகு ம.விடம், “பிள்ளை, உறைதயிருக்கு மோர் கொஞ்சம் வைச்சிருக்கிறியோ? விட்டிடாதை, நல்ல மோர்” என்று சொல்லிப் போனார்.

ஐப்பசி 1, வியாழன்

நேற்றிலிருந்து மழை. கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. பாத்திரம் வைத்து வைத்து ஓட்டைச் சட்டியும் வைத்தாயிற்று. வாய்க்கால் நிரம்பி ஓடுகிறது. தவளைச் சத்தத்தில் ம. பேசுவது கேட்கவில்லை. அவளும் அதையே சொல்கிறாள்.

தரவைக்குப் போகவில்லை. வெறுங்கையோடு போய் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. மறுமொழி வரட்டும், அதோடு போவேன்.

மழைக்குப் பிறகு பூஞ்சணம் எப்படி இருக்கும்? வேர் புதிதாக விடும்போது அதற்குள் எவ்வளவு சுறுக்காகப் போகிறது? எழுதி வைக்கவேண்டும். ஒவ்வொரு மாதமும் ஒரு பை எடுத்தால் ஒரு வருடத்தில் தெரியும்.

ஐப்பசி 5, திங்கள்

மழை கொஞ்சம் விட்டிருந்தது. காலையில் ஜீப், சேறு கூரை வரை. நல்லதம்பி ஐயா இறங்காமலே கத்தினார்:

“நிப்பாட்டியாச்சு ஐசே! தரவை மாட்டுக்குத்தான். சீமைப்புல்லு வேறை இடத்திலை. உம்மட நீலமரத்தை எல்லாரும் வரிசையிலை நிண்டு பாத்தவை. போய் அந்த மனிசிக்குச் சொல்லும்!”

ம. கை தட்டினாள். நான் சட்டை மாற்றாமல் சைக்கிளை எடுத்தேன். சைக்கிளில் பையையும் மண்வெட்டியையும் கட்டியது ஏனென்று தெரியாது, பழக்கம். பாதிவழியில் சைக்கிள் ஓடாது, தூக்கிக்கொண்டு நடந்தேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: அக்கா, இருங்கோ. ஒருத்தரும் எழுப்பமாட்டினம்.

பட்டியின் குறுக்குத்தடிகள் இழுத்துக் கிடந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. அடுப்புக் கல் மூன்றும் மழையில் நனைந்து கிடந்தன. குளம்படி எல்லாம் தண்ணீர் நிறைந்து, தெற்கே காட்டுப் பாதைக்குப் போகிறது.

பாலை மரத்தடியில் காசிம் நானா, வெறும் டின்னோடு.

“எங்கை நானா?”

“போயிட்டா தம்பி. மழை இறங்கிறதுக்கு முதல்நாள் வெளிச்சத்தோடை மாட்டைச் சாய்ச்சுக்கொண்டு போனவவாம். ரெண்டாம் ஆறும் கடந்திருப்பா. நல்லவேளை, இப்ப எண்டா ஏலாது.”

“ஆள் அனுப்பலாமோ?”

“எந்த ஆறாலை? மரமெல்லாம் உருண்டு வருகுது. தை பிறந்து தண்ணி இறங்கட்டும்.” பிறகு, “தை பிறந்தாலும் வருவாவோ தெரியாது. தமையன்ர பக்கம் இடம் பிடிச்சிட்டா எண்டா ஏன் திரும்பிறா” என்றார்.

தரவையை மாட்டுக்கே விட்டுவிட்டார்கள் என்று அவரிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. அவர் தலையை ஆட்டினார், டின்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

தனியே நின்றேன். ஒரு மாடு இல்லாமல் தரவை எவ்வளவு பெரிது. புல் பச்சையாகத் தளிர்க்கிறது, கடிக்க ஒரு வாய் இல்லை. அழுகை வந்தது, அழுதேன், மழையும் வந்தது. அன்றைக்குப் படலையடியில் நின்றவரிடம் என் நம்பிக்கையைக் கொடுத்து அனுப்பினேன். அதை வைத்து அவர் என்ன செய்வார்.

திரும்ப மனம் வரவில்லை. குந்தி ஒரு அறுகைக் கிண்டி எடுத்தேன். மண் இளகி, வேர் அறாமல் வந்தது, புது வேர், வெள்ளை. பொட்டலத்தில் கட்டிப் பென்சிலால் எழுதினேன்: தரவை. ஐப்பசி 5. மேய்ச்சல்: இல்லை. ஈரத்தில் எழுத்துப் பிடிக்கவில்லை, மறுபடி எழுதினேன். இல்லை.